செவந்தி இலையின் அடிப்பக்கம்

எதையும் திருப்பிப் பார்க்காமல் அவள் ஒப்புக்கொண்டதே கிடையாது. பாசாரில் மீன் வாங்கினால் புரட்டிப் போட்டு மறுபக்கத்தைப் பார்ப்பாள். துணி எடுத்தால் உள்பக்கத்தில் விரலை ஓட்டுவாள். கோயிலில் வாழையிலைத் துண்டில் சுண்டல் கொடுத்தால்கூட, இலையைத் தூக்கி அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். ஜப்பான்காரன் அச்சடித்த புது நோட்டு முதன்முதலில் கைக்கு வந்த அன்றைக்கு, அது செல்லுமா செல்லாதா என்று எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வாழத்தாரு, அந்தப் பக்கம் கப்பலு. ஏறிப் போறது யாருன்னுதான் தெரியல" என்றாள்.

பிரிக்பீல்ட்ஸில் ஆற்றோரமாக இருந்த பலகை வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. நாற்பது வயது இருக்கும். புருஷன் கிள்ளானில் இருக்கிறானா, ஊருக்கே போய்விட்டானா, அல்லது ஆளே கிடையாதா என்பதில் எங்கள் வரிசைப் பெண்களிடம் ஆளுக்கொரு கதை இருந்தது. நேரே கேட்கும் தைரியம் ஒருத்திக்கும் இல்லை. கேட்டால் நம்மையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுவாளோ என்ற பயம். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், அரிசிச் சீட்டில் எழுதியும் இருந்திருப்பார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவள் திரும்பினாள், அதற்குமேல் தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டிய துண்டு நிலத்தில் செவந்தியும் மல்லிகையும் அரளியும் போட்டிருந்தாள். கட்டிக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் விற்பாள். இடது கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டுப் புகையிலை அடங்கியிருக்கும். சோறு இல்லாமல் இரண்டு நாள் இருப்பாள், அது இல்லாமல் இரண்டு மணி நேரம் இருக்கமாட்டாள். ஜப்பான்காரன் காலத்தில் நல்ல புகையிலை எங்கே கிடைக்கும்? சாலாக் செலாத்தானில் ஒரு சீனர் காய்கறித் தோட்டத்து ஓரத்தில் நாலு செடி வைத்திருந்தார். அங்கே நடந்தே போய், பூவைக் கொடுத்து இலையை வாங்கி வருவாள். வீட்டில் வெறும் அரிசி டின்னில் போட்டு, மேலே கல்லை வைத்து மூடி வைப்பாள். அந்த டின்னிலிருந்து யாருக்கும் ஒரு நரம்புகூடக் கொடுத்ததில்லை. பல்வலி என்று ஒருத்தி வந்து அழுதபோது கிராம்பு கொடுத்து அனுப்பினாள்.

எல்லாரும் கிழங்கு நடவேண்டும், பூச்செடியைப் பிடுங்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்கா வேலிபோலச் சுற்றிலும் இரண்டு வரிசை மரவள்ளி நட்டாள். உள்ளே பூ பூவாகவே இருந்தது. பார்வையிட வந்த ஆள், நம்மூர்ப் பையன்தான், சேற்றில் சப்பாத்து புதையும் என்று சாலையிலேயே நின்றுகொண்டு, "என்னம்மா, எல்லாம் கெழங்குதானே?" என்று கேட்டான். "உள்ள வந்து பாருங்க தம்பி, எல்லாம் பச்சதான்" என்று மரியாதையாகச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டு போனான். அவன் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பி, "மேல பாத்தா எல்லாம் பச்சதான் புள்ள" என்றாள். அதற்கப்புறம் யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவளுக்கு அந்த ஒரு வசனம்தான். புதுமாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாலும் அதுதான், ஜப்பான்காரன் ஜெயிக்கிறான் என்று வானொலியில் சொன்னாலும் அதுதான்.

அவளிடம் நான் வாங்கிய திட்டை இங்கே மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஒருமுறை புகையிலைக்காக சாலாக் செலாத்தான் போனவள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனாள். ஊற்றும்போது பார்க்கிறேன், செவந்தி முழுக்கக் கறுப்புப் புழு. முதுகில் மஞ்சள் புள்ளி, ஆறு கால், சொறி பிடித்த பல்லிக்குட்டி போல ஒரு உருவம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அக்காவுக்கு உதவி செய்கிறோம் என்ற உற்சாகத்தில் ஒன்றொன்றாகப் பொறுக்கிச் சட்டியில் போட்டு, செருப்பால் நசுக்கி, அவள் வந்ததும் பெருமையாகக் காட்டினேன். அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி. திங்கிறவன விட்டுட்டு, திங்கிறவனத் திங்கிறவனக் கொன்னுட்டியே."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு இலையைத் திருப்பினாள். அடியில் செடியின் சாற்றைக் குடிக்கிற பச்சைப் பேன் மொய்த்துக் கிடந்தது. நான் கொன்ற கூட்டத்தில் தப்பித்த ஒரு கறுப்புப் புழு அதில் ஒன்றைப் பிடித்துச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. "இது யாரு தெரியுமா? பொறிவண்டோட புள்ள. சேப்பா, புள்ளி வச்சு, கையில ஏறுனா கொஞ்சுவீங்கல்ல, அதோட புள்ள. சின்னதுல இப்பிடித்தான் அசிங்கமா இருக்கும். நம்ம ஆளு" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டில் போய் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பங்சார் பக்கத்து மேட்டில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரர். துரை ஓடிப்போய், ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியேறியபோதும் இவரை வைத்துக்கொண்டார்கள். "பன்னெண்டு வருசம் பங்களாவுல வேல பாத்தவன் நானு. கோயில் வாசல்ல பூ விக்கிற பொம்பளகிட்ட தொழில் கத்துக்கணுமா?" என்றார். சுவருக்குச் சுவர் ஒரு பலகைதான். அவள் காதில் விழுந்திருக்கும்.

அவருடைய பன்னிரண்டு வருசத் தொழில் உண்மையில் ஒரு டின்னுக்குள் இருந்தது. துரை வரவழைத்த மருந்து டின். பூச்சி வந்தால் தண்ணீரில் கரைத்துப் பித்தளைப் பீச்சாங்குழலால் அடிப்பார், பூச்சி செத்துவிடும். இலையைத் திருப்பிப் பார்க்கவேண்டிய அவசியமே வந்ததில்லை. அந்த டின் தீர்ந்த பிறகு வாங்கக் கப்பல் இல்லை.

ஜப்பான் அதிகாரிக்குச் செவந்தி என்றால் உயிர். இருபது தொட்டியில் வளர்த்தான், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தண்டு, ஒரே ஒரு மொட்டு. அடுத்த மாதம் பெரிய அதிகாரிகள் பங்களாவுக்கு விருந்துக்கு வருகிறார்கள், அன்றைக்கு இருபதும் பூத்து நிற்கவேண்டும். மொட்டு வைக்கிற நேரம் பார்த்துப் பேன் பிடித்துக்கொண்டது. நுனி சுருண்டது, இலை பிசுபிசுத்தது. இவர் துணியால் துடைத்தார், தண்ணீரால் அடித்தார், ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் காலையில் அதிகாரி தொட்டிகளின் முன்னால் நின்று ஏதோ சொன்னான். கூட இருந்த நம் ஆள், பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லுகிற கிராணி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பூக்கலேன்னா தோட்டக்காரன் வேண்டாமாம். சயாமுல ரயில் பாத போட ஆள் வேணுமாம்."

சயாமுக்குப் போனவர்கள் எங்கள் வரிசையிலேயே ஐந்து பேர். ஒருவரிடமிருந்தும் ஒரு துண்டுக் கடிதம் வரவில்லை. அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவிடம் கேட்கலாம் என்றேன். "வேணாம்" என்றார். ரோஷம் பார்க்கிற நேரமா இது? எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி ஒன்றரை வருசம். நான் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எழுந்து போனேன்.

அக்கா முழுவதையும் கேட்டாள். அவர் சொன்ன பழைய பேச்சை நினைவுபடுத்தினால் காலில் விழத் தயாராக இருந்தேன். அவள் எழுந்து அரிசி டின்னின் மேலிருந்த கல்லை எடுத்தாள். உள்ளே இருந்த புகையிலை அத்தனையையும் அள்ளிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

"அக்கா, அவ்வளவுமா?"

"இருவது தொட்டியாச்சே. பாதி மருந்து போட்டா பாதி பேனுதான் சாவும்."

மறுநாள் வரை ஊறவைத்து வடிகட்டி, சாம்பலும் செம்பனை எண்ணெயும் போட்டு நாங்கள் காய்ச்சிய சவுக்காரச் சோப்பைக் கொஞ்சம் கரைத்து, இவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "எலைக்கு அடியில அடிக்கணும்னு சொல்லு" என்பது அவள் கட்டளை. அடித்தார். ஒரே நாளில் பேன் சுருண்டு விழுந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குக் கிழங்குகூட இனித்தது. பலகைக்கு அந்தப் பக்கம் அக்கா கன்னத்தில் ஒன்றும் இல்லாமல், வெறும் வெற்றிலைக் காம்பை மென்றுகொண்டு, கண்ணில் பட்டவர்களை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் பேன் திரும்பி வந்துவிட்டது.

இவர் ஒரு இலையைப் பறித்து மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் அதை அக்காவிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தாள். "எலைய இங்க கொண்டாந்து என்னா செய்யிறது? செடி எங்க நிக்கிதுன்னு பாக்கணும்" என்று சேலையை இழுத்துச் செருகினாள். பூக்கூடையை எடுத்துக்கொண்டாள். செவந்திப் புதருக்குள் புகுந்து கறுப்புப் புழுக்களாகப் பொறுக்கி ஒரு பழைய தகர டப்பியில் போட்டு என் மடியில் கட்டினாள். ஜப்பான்காரன் வீட்டுக்குப் பெண்பிள்ளைகள் போகிற காலமா அது? நான் முகத்தில் கரி பூசிக்கொண்டேன். அவள் பூசவில்லை.

மேட்டு பங்களாவில் இருபது தொட்டியும் கால் வைத்த மரப்பலகை மேல் வரிசையாக இருந்தன. அக்கா முதல் இலையைத் திருப்பினாள், இரண்டாவதைத் திருப்பினாள். பிறகு இலையை விட்டுவிட்டுக் குனிந்து தண்டைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், பலகைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"பேனு தானா வரல. கொண்டாந்து விடுறானுங்க."

பலகைக் கால் வழியாகக் கறுப்பு எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. பேனின் பின்பக்கத்தில் வடிகிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதை மாடு வளர்ப்பதுபோல வளர்க்குமாம். ஒரு செடியில் செத்தால் பக்கத்துச் செடியிலிருந்து தூக்கிவந்து வைக்குமாம். "என் ஒரு மாசப் பொகையில எறும்புக்குப் போச்சு" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "தம்பி, ஒங்க வூட்டுச் சாப்பாட்டு அலமாரிக்கு எறும்பு வராம என்னா செய்வீங்க?"

எந்த வீட்டில்தான் செய்யமாட்டார்கள்? அலமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்போம். தினமும் அந்த அலமாரியிலிருந்து சாப்பிடுகிற பன்னிரண்டு வருசத் தோட்டக்காரருக்குச் செடிக்கும் அதுதான் என்று தோன்றவில்லை. அவர் ஓடிப்போய்ச் சமையற்கட்டிலிருந்து கொட்டாங்கச்சிகளை அள்ளி வந்தார். பலகைக் கால் ஒவ்வொன்றும் தண்ணீரில் நின்றது. செடி ஒன்றோடொன்று உரசாமல், சுவரில் படாமல் தள்ளி வைத்தோம். பிறகு அக்கா என் மடியிலிருந்த டப்பியைத் திறந்து புழுக்களை எடுத்து இலையில் விட ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்துவிட்டான்.

அவன் கண்ணில் பட்டது இதுதான்: யாரோ ஒரு பொம்பளை அவன் செவந்தியில் புழுவை விட்டுக்கொண்டிருக்கிறாள். இவர் இடுப்பு மடிய வணங்கினார், நானும் வணங்கினேன். அவன் கத்தியதைக் கிராணி அவசரமாக மாற்றிச் சொன்னார். "எல்லாத்தயும் இப்பவே நசுக்கணுமாம். இல்லேன்னா இன்னிக்கே லோரியில ஏத்துவாராம்" என்றார். இவர் கை தன்னால் ஒரு புழுவை நோக்கிப் போனது. அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அது நம்ம ஆளுன்னு தொரகிட்ட சொல்லுங்க."

கிராணி சொல்லவில்லை. அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அக்கா அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு இலையை விரலால் பிடித்து, மெதுவாகத் திருப்பி, அதிகாரியின் பக்கம் நீட்டியபடி அப்படியே நின்றாள். வணங்கவில்லை. அவன் அறைவான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் வராததால் திறந்தேன். அவன் குனிந்திருந்தான். இலையின் அடியில் புழு ஒரு பேனைப் பிடித்துத் தின்றது, அடுத்ததைப் பிடித்தது. அவன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தான். பக்கத்து இலையை அவனே திருப்பினான். நிமிர்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான்.

"பத்து நாள் தர்றாராம்" என்றார் கிராணி. அவருக்கே நம்பிக்கை வராத குரல்.

பத்து நாள் வேண்டியிருக்கவில்லை. எட்டாம் நாள் இலை பளபளவென்று நின்றது. விருந்து அன்றைக்கு இருபது தொட்டியிலும் இருபது பூ, ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். வந்தவர்கள் எல்லாம் பூவைச் சுற்றிச் சுற்றி வந்ததாக இவர் வந்து சொன்னார். கையில் ஒரு காகிதம். இந்தத் தோட்டக்காரன் எனக்கு வேண்டியவன், இவனைப் பிடிக்கக்கூடாது என்று அதிகாரி தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது. வரிசையே எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

அக்கா வந்தாள். காகிதத்தை எடுத்தாள். அவளுக்கு எந்த மொழியிலும் ஒரு எழுத்துகூடத் தெரியாது. முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், மறுபடி முன்பக்கம்.

"சேப்பா ஒண்ணு குத்துவானுங்களே, அது எங்க?"

"அதிகாரி கைப்பட எழுதினது. இதவிட என்னா வேணும்?" என்றார் இவர்.

"மீங்காரன் சீட்டுல இருக்கு. ரெண்டு தடவ பெரட்டிப் பாத்துருக்கேன். எண்ணெக்கார செட்டியார் சீட்டுலயும் இருக்கு. ஒங்க சீட்டுல இல்ல." காகிதத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பப் போய்க் கேட்டால் அதிகாரி கோபித்துக்கொள்வான் என்று இவர் முரண்டு பிடித்தார். முத்திரை குத்திவந்தால்தான் அடுப்பு எரியும் என்று நான் சொல்லிவிட்டேன். மறுநாள் போனார். கிராணி காகிதத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாராம். விருந்து அவசரத்தில் மறந்துபோனது. சிவப்பு முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

சரியாக ஒரு வாரம். காலையில் நானும் இவரும் பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தோம். இரண்டு முனையிலும் லோரி வந்து நின்றது. ஆண்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். இவருக்கு முன்னால் நின்றவர் சட்டையும் காற்சட்டையும் போட்டவர், நாலாக மடித்த காகிதத்தை நீட்டினார். சிப்பாய் பார்த்தான், சிவப்பாக ஒன்றும் இல்லை, தோளைப் பிடித்து லோரிப் பக்கம் தள்ளினான். அடுத்தது இவர். சிப்பாய் காகிதத்தை வாங்கினான். முத்திரையைப் பார்த்தான். அவனும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். பிறகு கையால் ஒரு வீச்சு, போ என்று. யாரோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். பூக்கூடையோடு அக்கா. அவள் கையும் ஈரமாக இருந்தது, பூவின் ஈரமா வேர்வையா என்று தெரியவில்லை.

லோரி நிறைந்துதான் போனது. அதையும் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் என் மனிதர் அதில் இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே அக்காவின் பூந்தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் வாளியைத் தூக்கினார். "அக்கா, எங்கருந்து பாக்கணும்?" என்று கேட்டார். அவர் அதுவரை அக்கா என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"கீழருந்து" என்றாள் அவள், பூக் கட்டுவதை நிறுத்தாமல்.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன பிறகு, நான் முதலில் செய்த காரியம் கிள்ளானுக்குப் போனதுதான். அங்கே ஒரு ராவுத்தர் கடையில் யாழ்ப்பாணப் புகையிலை இருப்பதாகச் சொன்னார்கள். சண்டைக் காலம் முழுக்கச் சுவருக்குள் ஒளித்து வைத்திருந்த சரக்கு. ஒரு முழுக் கட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே வந்து, அவள் முன்னால் வைத்தேன். மூன்று வருசத்துக் கடனை ஒரே நாளில் தீர்த்துவிட்ட தோரணையில் நின்றேன்.

அக்கா கட்டைக் கையில் எடுத்தாள். முகர்ந்தாள், கண் சொருகியது. நான் சிரித்தேன். அவள் கட்டைத் திருப்பினாள்.

அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை. ஒரு ஓட்டையிலிருந்து கடுகு அளவு பழுப்பு வண்டு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு, வெளிச்சம் பிடிக்காமல் உள்ளே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பை அந்த வரிசையில் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. வாசலுக்கு வாசல் ஆள் எட்டிப் பார்த்தார்கள்.

"பேனுக்கு வெஷம்னு எல்லாத்தயும் கரச்சு ஊத்துனேன். இவன் பாரு, இதையே தின்னு குடும்பம் நடத்துறான்."

ஒரு துண்டைக் கிள்ளினாள். தரையில் இரண்டு தட்டு தட்டி வண்டை உதறினாள். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பூக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக் கோயிலுக்கு நடந்தாள்.